ஊரார் சொல் அம்பலம் ஏறுமா?

‘ஏழை சொல் அம்பலம் ஏறாது’ என்னும் பழமொழியை நம்மவர் வாயில் அடிக்கடி கேட்கின்றோம். அரசாங்கம் ஒன்றைச் செய்யத் துணிந்துவிட்டால், அல்லது பெரும்பொருள் படைத்த கம்பனி ஒன்று ஒரு நிலத்தின்மேற் கண் வைத்துவிட்டால், அதற்குமேற் சாதாரண மக்களின் சொல்லுக்கு இடமேது என்று பெருமூச்செறிந்து வாளாவிருப்பது நமக்கு வழக்கமாகிவிட்டது.

சென்ற தவணையில் உயர்தர வகுப்பு மாணவர்க்கு மக்கள் கருத்தறிதல் என்னும் பொருள்பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். ஒரு பெருந்திட்டத்தைத் தொடங்குமுன் அவ்வூர் மக்களின் கருத்தைக் கேட்டறிய வேண்டும் என்பது நாகரிக நாடுகள் பலவற்றில் விதி என்று கூறியபோது, பின் வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். “சேர், கடைசியிலே தீர்மானிப்பது அவர்கள்தானே? பிறகு எதற்காக எங்களைக் கேட்கவேண்டும்?” என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு ஒரு வாக்கியத்தில் விடை கூற நம்மால் இயலவில்லை. ஆகவே மறுநாள் ஒரு கதையுடன் வகுப்புக்குச் சென்றோம். அக்கதையையே நேயர்களுக்கும் கூற விரும்புகின்றோம்.

தேம்சு நதிக்கரையிலே

இலண்டன் மாநகரிலிருந்து தேம்சு நதி கிழக்கே கடலை நோக்கிச் செல்லும் வழியில், அதன் தென்கரையில், கென்ற் மாகாணத்தைச் சேர்ந்த சுவான்ஸ்கம் என்னும் சிற்றூர் உண்டு. டார்ட்போர்ட், கிரேவ்செண்ட் என்னும் இரு பட்டினங்களுக்கு இடையே, நதி வளைந்து செல்லும் இடத்தில், நாக்குப்போல நீண்டு கிடக்கும் தாழ்நிலம் அவ்வூருக்கு வடக்கே அமைந்திருக்கின்றது.

பழமையை ஆராய்வோர்க்கு இவ்வூரின் பெயர் புதிதன்று. இங்குள்ள சரளைக்கல் கிடங்கு ஒன்றில் 1935இலும் 1936இலும் மார்ஸ்டன் என்னும் பல் வைத்தியர் மனித மண்டையோட்டின் இரு துண்டுகளைக் கண்டெடுத்தார். 1955இல் வைமர் என்னும் ஆராய்ச்சியாளர் மூன்றாவது துண்டைக் கண்டெடுத்தார். இருபது ஆண்டு இடைவெளியிற் கிடைத்த இத்துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தி, ஒரே தலைக்குரியனவாயின! அத்தலை ஏறக்குறைய 4,00,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு.

இத்தகைய ஊருக்குப் பிற்காலத்தில் வாழ்வளித்தது சீமெந்து. வெண்சுண்ணக் கல்லை வெட்டிச் சூளையிலிட்டுச் சீமெந்து செய்யும் தொழில், பத்தொன்பதாம் நூற்றாண்டு தொடங்கி இங்கே செழித்தது. சுவான்ஸ்கம் சீமெந்து ஆலை 1990இல் மூடப்பட்டது. 1990இலேயே, போரின் காரணமாக, நமது காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையும் உற்பத்தியை நிறுத்தியதை நேயர்கள் நினைவுகூர்வார்கள். ஆலை நின்றபின் எஞ்சுவது யாது? வெட்டிய கிடங்குகள், கொட்டிய சூளைத் தூள், வேலை இழந்த குடும்பங்கள். சுவான்ஸ்கத்திலும் இவையே எஞ்சின.

திரைப்படத்தின் பெயரால் ஒரு பூங்கா

2012ஆம் ஆண்டில் ஒரு செய்தி வெளிவந்தது. அமெரிக்கத் திரைப்பட நிறுவனமாகிய பரமவுண்டின் பெயரையும் படங்களையும் கொண்டு, அந்நதிக்கரையிலே மாபெரும் களியாட்டப் பூங்கா ஒன்று அமைக்கப்படும் என்பதே அச்செய்தி. செலவு 200 கோடிப் பவுண் என்றார்கள். 27,000 பேருக்கு வேலை கிடைக்கும் என்றார்கள். சினிமாவிலே கண்ட காட்சிகளுக்குள் தாமே புகுந்து உலாவும் விளையாட்டுக்கள், விருந்து விடுதிகள், அரங்குகள் எல்லாம் சேர்ந்து எழும்பும் என்றார்கள். அதற்குரிய நிலம் 535 ஏக்கர் எனப் பிற்காலத்தில் கூறப்பட்டது. நமது கணக்கிலே அது 8,500 பரப்புக்கு மேல்!

ஆலை மூடிய ஊருக்கு இதைவிட இனிய செய்தி வேறு என்ன வேண்டும்? வேலையில்லா இளைஞரும், கடை வைத்திருப்போரும், வாடகைக்கு வீடு விடுவோரும் மகிழ்ந்தனர். அவர்களது மகிழ்ச்சியை எள்ளி நகையாடுவது தகாது. பசித்தவனுக்குச் சோறு முதலில், ஏனையவை பின்னர்.

2014ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசாங்கம் இத்திட்டத்தைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த திட்டமாகக் கருதும்படி பணித்தது. மின் நிலையம், துறைமுகம், பெருந்தெரு போன்றவற்றுக்கே உரியதாயிருந்த அவ்வரிசையில் ஒரு வணிகத் திட்டம் இடம்பெற்றது அதுவே முதன்முறை. இதனால் அனுமதி வழங்கும் அதிகாரம் ஊர்ச்சபையின் கையை விட்டு மந்திரியின் கைக்குச் சென்றது. நமது மாணவனின் கேள்வி இங்கேதான் உயிர் பெறுகின்றது. தீர்மானம் தலைநகருக்குப் போய்விட்டது. இனி ஊராரை யார் கேட்பார்?

ஊரைக் கேட்கும் முறை

சட்டம் அவர்களைக் கைவிடவில்லை. 2008ஆம் ஆண்டின் திட்டமிடற் சட்டம், அக்காலத்தில் நடைமுறையிலிருந்த வடிவில், கம்பனியின்மீது ஒரு கடமையைச் சுமத்தியிருந்தது. விண்ணப்பம் செய்யுமுன்னரே கம்பனி ஊராரையும், ஊர்ச் சபைகளையும், காணிச் சொந்தக்காரரையும் கேட்கவேண்டும். எவ்விதம் கேட்கப்போகின்றோம் என்பதை முன்கூட்டியே அறிவிக்கவேண்டும். பதில் எழுதக் குறைந்தது 28 நாட்கள் கொடுக்கவேண்டும். வந்த கருத்துக்களைக் கவனத்திற்கொண்டு, அவற்றால் திட்டத்தில் என்ன மாறியது, மாறாவிடின் ஏன் மாறவில்லை என்பதை ஓர் அறிக்கையாக எழுதி விண்ணப்பத்துடன் இணைக்கவேண்டும்.

அதன்பின் விண்ணப்பத்தை ஏற்பதா மறுப்பதா என்று திட்டமிடற் பரிசோதகர் அலுவலகம் ஆராயும். ஊரைச் சரிவரக் கேட்கவில்லை என்று கண்டால், அக்காரணத்தாலேயே அதனைத் திருப்பி அனுப்பலாம். ஏற்றுக்கொண்டால், கருத்துக் கூற விரும்பும் எவரும் தம்மைப் பதிவு செய்துகொண்டு விசாரணையிற் பங்குகொள்ளலாம். விசாரணை ஆறு மாதத்துள் முடியவேண்டும். பரிசோதகர் தமது சிபாரிசை எழுத மூன்று மாதம். மந்திரி தீர்ப்புக் கூற மேலும் மூன்று மாதம்.

இம்முறைப்படி சுவான்ஸ்கம் மக்கள் ஒருமுறையன்று, பலமுறை கேட்கப்பட்டார்கள். மண்டபங்களிலே படங்கள் தொங்கவிடப்பட்டன; மாதிரிகள் வைக்கப்பட்டன. இடையில் 2017இல் பரமவுண்ட் நிறுவனம் விலகிக்கொண்டது. 2019இல் மீண்டும் உடன்பட்டது. திட்டத்தின் பெயரும் ‘இலண்டன் றிசோர்ட்’ என மாறியது. இறுதிக் கருத்தறிதல் 2020 யூலை முதல் செப்டெம்பர் வரை நடைபெற்றது. கொறோனா நோய் பரவிய காலமாதலின் கூட்டங்கள் பெரும்பாலும் கணினி வழியாகவே நடைபெற்றன. கணினி பழகாத முதியோர்க்கு இது எத்தகைய கருத்தறிதல் என்று நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். கேட்டோம் என்று சொல்வதற்காகக் கேட்பது வேறு. விடை வரும்படி கேட்பது வேறு.

அரிசிமணி அளவான ஒரு சிலந்தி

இதற்கிடையில் வேறொரு செய்தி மெல்ல மெல்லப் பரவியது. பாழ்நிலம் என்று எல்லோரும் எண்ணிய அத்தாழ்நிலம் பாழாய்க் கிடக்கவில்லை.

சீமெந்துச் சூளைத் தூள் கொட்டிய மண்ணில் உரம் இல்லை, சுண்ணமோ மிகுதி. ஆகையால் அடர்ந்த புதரும் மரமும் அங்கே விரைந்து வளர்வதில்லை. வெயில் படும் வெறுந்தரையும், சிறு பூண்டுகளும், நாணற் சதுப்பும், உவர்ச் சேற்றுநிலமும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாய் அமைந்துவிட்டன. நன்றாகப் பண்படுத்திய வயலிலே வாழமுடியாத உயிர்களுக்கு இவ்விடம் புகலிடமாயிற்று. முதுகெலும்பில்லாச் சிற்றுயிர்கள் மட்டும் 1,700 இனங்களுக்கு மேல் அங்கே பதிவு செய்யப்பட்டுள்ளன. பிரித்தானியாவின் நீர்வண்டு இனங்களில் காற்பங்குக்கு மேல் அங்கே உண்டு. அரிசிமணி அளவேயான ஒருவகைப் பாயுஞ் சிலந்தி, பிரித்தானியா முழுவதிலும் இரண்டே இரண்டு இடங்களில் வாழ்வதாக அறியப்பட்டிருந்தது. ஒன்று இவ்விடம், மற்றையது நதியின் எதிர்க்கரையிலுள்ள வெஸ்ற் தறொக்.

பூச்சியினங்களைப் பாதுகாக்கும் பக்லைஃப் என்னும் சங்கமும், பறவைப் பாதுகாப்புச் சங்கமும், ஊரில் நடைபயிலும் சாதாரண மக்களும் இதனை எடுத்துக் கூறினர். 2020 டிசெம்பர் இறுதியில் கம்பனி விண்ணப்பத்தைக் கையளித்தது. 2021 சனவரியில் அது விசாரணைக்கு ஏற்கப்பட்டது. 2021 மார்ச்சு மாதம், இயற்கைப் பாதுகாப்புக்குப் பொறுப்பான அரச அமைப்பாகிய நேச்சுரல் இங்கிலாந்து, அத்தாழ்நிலத்தை விசேட விஞ்ஞானச் சிறப்புடைய தலமாக அறிவித்தது. நவம்பரில் அதனை உறுதிசெய்தது.

2022 மார்ச்சு மாதம் கம்பனி தனது விண்ணப்பத்தை மீளப் பெற்றுக்கொண்டது. அவ்வறிவிப்பையும், படகுத்துறை அமைக்க எண்ணியிருந்த ரில்பறித் துறைமுகம் சுங்கச் சலுகைத் துறைமுகமானதையும் காரணங்களாகக் காட்டியது. மீண்டும் வருவோம் என்றது, வரவில்லை. 2025 சனவரியில் இலண்டன் உயர் நீதிமன்றம் அக்கம்பனியைக் கலைக்கும்படி கட்டளையிட்டது. பன்னிரண்டு ஆண்டுகளாகப் படங்களிலே எழும்பிய பூங்காவின் ஒரு செங்கல்லும் நிலத்திலே வைக்கப்படவில்லை.

வெற்றியா, தோல்வியா?

இவ்விடத்திற் கதையை நிறுத்தினால், மக்களின் கடிதங்கள் கம்பனியை வென்றன என்று கைதட்டிவிட்டுப் போகலாம். அது முழு உண்மையாகாது. பணம், ஒப்பந்தம், துறைமுகம் எனப் பல காரணங்கள் அங்கே கலந்திருந்தன. அன்றியும், அந்நிலத்திலே சிறு தொழில் நடத்திய பலர் தம் இடம் பறிபோகுமோ என்ற ஏக்கத்துடன் ஆண்டுக் கணக்காகக் காலங் கழித்தனர். வேலை வரும் என்று நம்பியிருந்த இளைஞர் நடுத்தர வயதை எட்டினர். காலவரையின்றி இழுபடும் திட்டமும் ஓர் ஊருக்குத் தீங்கே.

ஆயினும் ஒன்று உறுதி. அச்சிலந்தியின் பெயர் அதிகாரிகளின் மேசைக்குச் சென்றதற்குக் காரணம், அதனை அறிந்தவர்கள் எழுதியமையே. கேட்பதற்கு ஒரு சட்டமும், எழுதுவதற்குச் சிலரும் இல்லாதிருந்தால், அந்நிலம் கடைசிவரை பாழ்நிலம் என்ற பெயரையே சுமந்திருக்கும்.

கருத்தறிதல் என்றால் எதிர்ப்பு என்று கொள்வதும் தவறு. இதற்கு உதாரணமும் இங்கிலாந்திலேயே உண்டு. பெட்போர்ட் நகருக்குத் தெற்கே, செங்கற் சூளைகள் நிறைந்திருந்த பகுதியில், யூனிவர்சல் என்னும் மற்றொரு திரைப்பட நிறுவனம் 476 ஏக்கர் நிலத்தை வாங்கிற்று. 2024இல் அந்நிறுவனம் ஊராரின் கருத்தைக் கேட்டபோது 6,000க்கு மேற்பட்டோர் பதில் எழுதினர்; அவர்களுள் நூற்றுக்கு 92 பேர் ஆதரித்தனர். 2025 ஏப்பிரலில் பிரதம மந்திரியே அத்திட்டத்தை அறிவித்தார். 2031இல் பூங்கா திறக்கப்படும் என்றும், முதலாண்டில் 85 இலட்சம் பேர் வருவர் என்றும் எதிர்பார்க்கப்படுகின்றது. ஒரே நாடு, இரு ஊர், இரண்டும் ஆலை மூடிய இடங்கள், விடைகளோ வெவ்வேறு. கேட்டபடியாற்றான் அவ்வேறுபாடு தெரியவந்தது.

இதிற் கவலைக்குரிய பின்கதை ஒன்றும் உண்டு. பெருந்திட்டங்கள் தாமதமாகின்றன என்று கூறி, விண்ணப்பத்துக்கு முன் ஊரைக் கேட்கவேண்டும் என்ற அக்கட்டாயக் கடமையை நீக்கும் ஏற்பாட்டைப் பிரித்தானிய அரசாங்கம் 2025இல் பாராளுமன்றத்தின் முன் வைத்தது. தாமதம் உண்மையே. ஆனால் வேகத்துக்காகக் காதை மூடிக்கொள்வது எவ்வளவுக்குத் தகும் என்பது ஆராயத்தக்கது.

வகுப்பறையில் ஒரு விசாரணை

இக்கதையைக் கூறியபின் மாணவர்களைக் கொண்டு ஒரு விசாரணை நடத்தினோம். ஒருவன் கம்பனி அதிபர், ஒருவன் வேலையற்ற இளைஞன், ஒருவன் கடைக்காரர், ஒருவன் பரிசோதகர். வேலையற்ற இளைஞனாய் வந்தவன் உண்மையில் ஒரு மேசனாரின் மகன். “ஐயா, ஆறு மாதம் தொடர்ந்து வேலை என்றால் எங்கள் வீட்டிலே என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாது” என்று அவன் கூறியபோது, அவன் நடிக்கவில்லை என்பது எல்லோருக்கும் விளங்கிற்று.

கடைசியாகச் சிலந்தியின் முறை வந்தது. வகுப்பிலே அதிகம் வாய் திறவாத ஒரு மாணவனுக்கு அப்பாகம் கிடைத்திருந்தது. அவன் எழுந்தவுடனேயே சிரிப்பு. அவன் சிரிப்பு அடங்கும்வரை நின்றான். பின்னர், “எனக்கு வாக்கு இல்லை. எனக்கு எழுதத் தெரியாது. அறிவித்தல் எந்தப் பாஷையிலே ஒட்டினாலும் நான் வாசிக்கமாட்டேன். எனக்காக யாராவது எழுதினாற்றான் உண்டு” என்று கூறிவிட்டு அமர்ந்தான். வகுப்பு அமைதியாயிற்று. முதல்நாட் கேள்வி கேட்ட மாணவன் தலை குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தான்.

நாம் வாசியாத அறிவித்தல்

மாணவரிடம் நாமும் ஒன்றை ஒப்புக்கொண்டோம். நாம் இளமையில் வாழ்ந்த ஊரின் ஒழுங்கையோரம் ஒரு சிறு குளம் இருந்தது. மாரியில் நிரம்பும்; கோடையில் ஆடு மாடுகள் அங்கே இறங்கும். அக்குளத்தைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பப்போவதாக ஒரு நாள் அலுவலகச் சுவரிலே அறிவித்தல் ஒட்டப்பட்டிருந்தது. ஆட்சேபம் இருந்தால் எழுதும்படி நாளும் குறித்திருந்தார்கள். வேலைக்குப் போகும் அவசரத்தில் அதனைக் கண்டும் வாசியாது சென்றவர்களுள் நாமும் ஒருவர்.

கட்டடம் எழும்பியது. அடுத்த மாரியில் ஒழுங்கை வெள்ளம் போக்கிடமின்றி வீடுகளுக்குட் புகுந்தது. ஊர்ப் பெரியவர்களுடன் நாமும் முறையிடச் சென்றோம். அலுவலர் கோபிக்கவில்லை, கோவையைத் திறந்து அறிவித்தலின் பிரதியைக் காட்டினார். “ஒருவராவது ஒரு வரி எழுதவில்லையே” என்றார். அதற்கு நம்மிடம் விடையில்லை. இன்றும் மாரி பிறந்தால் அச்சொல் நமது செவியில் ஒலிக்கின்றது.

நமது நாட்டுச் சட்டமும் மக்களை முற்றாக மறந்துவிடவில்லை. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடற் சட்டம், 1988இல் திருத்தப்பட்டவாறு, குறித்த பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கப்படும்போது, அதனை மக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும் என விதிக்கின்றது. வர்த்தமானியிலும், சிங்களம், தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வெளிவரவேண்டும். அன்றிலிருந்து 30 நாட்களுக்குள் எவரும் தமது கருத்தை எழுதி அனுப்பலாம். நேயர்களே, பத்திரிகையின் மூலையிலே சிறிய எழுத்தில் வரும் அவ்வறிவித்தலை நம்மில் எத்தனை பேர் வாசிக்கின்றோம்?

எழுதுவது கடினமுமன்று. முதலில் அறிக்கையின் சுருக்கத்தையேனும் வாசிக்கவேண்டும். பின், கேள்விப்பட்டதை விடுத்து நாம் நேரிற் கண்டதை எழுதவேண்டும்: இக்கிணற்று நீர் எந்த மாதத்தில் வற்றும், இவ்வொழுங்கையில் எவ்வளவு வெள்ளம் நிற்கும், இம்மரத்தில் எப்பறவை கூடு கட்டும் என்பன போல. திட்டம் நல்லதாயின் நல்லதென்றே எழுதலாம். குறையிருந்தால் என்ன மாற்றம் வேண்டும் என்று தெளிவாகக் கேட்கவேண்டும். குறித்த நாளுக்குமுன் அனுப்பி, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளவேண்டும். வீட்டிலுள்ள முதியோருக்குத் தெரிந்ததை இளையோர் எழுதிக்கொடுப்பது இன்னுஞ் சிறப்பு. ஊரின் நீரையும் நிலத்தையும் அறிந்தவர்கள் அவர்களே.

அன்று வகுப்பு முடிந்து மணி அடித்தபின், அக்கேள்வி கேட்ட மாணவன் நம்மிடம் வந்தான். தன் வீட்டுக்குப் போகும் வழியிலே ஒரு மதிலில் ஏதோ அறிவித்தல் ஒட்டியிருப்பதாகவும், சில நாட்களாக அதனைக் கண்டும் வாசிக்கவில்லை என்றும் கூறினான். “மழையில் நனைந்து பாதி கிழிந்துவிட்டது, சேர். மீதியையாவது இன்றைக்கு வாசிக்கப்போகின்றேன்” என்றான்.

துவிச்சக்கர வண்டியை உருட்டிக்கொண்டு நாமும் அவனுடன் சென்றோம்.